ஒரே இசைப்பதிவு, இரண்டு இசைத்தட்டுகள்

எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவை ஜாக்குலின் டு பிரே 1965-இல் லண்டனில் வாசித்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவின் இரு பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றி ஒப்பிட்டேன்.

ஒலிநாடாவிலுள்ள இசையை முதலில் ஒரு மூலத்தட்டில் வரிப்பள்ளமாக வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, வினைலை அழுத்தி இசைத்தட்டுகளைத் தயாரிப்பார்கள். மூலத்தட்டைப் புதிதாக வெட்டும்போது ஒலியளவும் மாறலாம். எத்தனையாவது வெட்டு என்பதைத் தட்டின் மையத்தாளை ஒட்டிப் பொறித்த எண் காட்டும். முந்தைய வெட்டே சிறந்தது என்பது சேகரிப்பாளர் பலரின் நம்பிக்கை.

இரண்டையும் கழுவி, ஒரே ஊசியில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்தேன். முந்தைய வெட்டே மேலாக ஒலித்தது. ஆனால் மென்பொருள், அதன் ஒலியளவு சற்றுக் கூடுதல் எனக் காட்டியது. சற்று உரக்க ஒலிப்பதையே நம் காது நல்லது என எடுத்துக்கொள்ளும். அளவைச் சமப்படுத்தி, எது எதுவெனச் சொல்லாமல் நண்பரை ஒலிக்கச் செய்தபோது என்னால் பிரித்தறிய முடியவில்லை.

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைப்பதே நியாயமான சோதனை. கைப்பேசியில் ஒரே பாடலைச் சிறிதே வேறுபட்ட இரு ஒலியளவில் ஒலிக்கவிட்டு, எது நல்ல பதிவு என மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாய்மொழித் தேர்வில் மெல்லிய குரலில் பதில் சொல்லும் குழந்தைக்கு மதிப்பெண் இடும்போதும் இது நமக்கு உதவும்.