நிமோனியா குணமான பிறகும் நெஞ்சுவலி, முதுகுவலியா? பயமும் வேண்டாம்.. அலட்சியமும் வேண்டாம்..

ஈரோடு:

நிமோனியா காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுத்து வீடு திரும்புகிறவர்களில் பலருக்கு ஒரே புகார்தான். காய்ச்சல் விட்டுப்போச்சு, ஆனா மூச்சை இழுத்தா நெஞ்சு குத்துது, முதுகு வலிக்குது என்கிறார்கள்.

வாயுப்பிடிப்பு என்று நினைத்து சுளுக்கு எடுக்கப் போகிறவர்களும் உண்டு. மாரடைப்போ என்று பயந்து தூக்கம் கெடுகிறவர்களும் உண்டு.

வலி ஏன்?

நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை 2 அடுக்காக இருக்கிறது. சளிக்கிருமி தாக்கும்போது இந்த உறையும் வீங்கிவிடும். மூச்சு இழுக்கும்போது 2 அடுக்கும் உரசும். அதுதான் 'சுருக்' என்று குத்துகிறது.

நுரையீரலின் அடிப்பகுதியில் தொற்று இருந்தால் வலி முதுகிலும் தெரியும். சிலருக்கு தோளில்கூட வலிக்கும். இது தவிர, நாள் கணக்கில் இருமியதால் விலா எலும்புக்கு இடையில் உள்ள தசைகளும் நொந்துபோய் இருக்கும்.

எத்தனை நாள் இருக்கும்?

பெரும்பாலும் 1 வாரத்தில் காய்ச்சல் விடும். 4 வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் நன்றாகக் குறையும். 6 வாரத்தில் இருமலும் மூச்சு வாங்குவதும் குறையும். அசதி மட்டும் 3 மாதம் ஆன பிறகும் இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

வலிக்குப் பயந்து இருமலை அடக்கக்கூடாது. மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி உள்ளேயே தங்கி மறுபடியும் தொற்று வரும். இருமல் வரும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும்.

விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி மூச்சை மெதுவாக ஆழமாக இழுத்து விட வேண்டும். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் நடக்க வேண்டும். பீடி, சிகரெட்டை தொடவே கூடாது.

டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போடலாம். பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 500 மில்லி கிராம் மாத்திரை 8-க்கு மேல் போடக்கூடாது. குடிப்பழக்கம், ஈரல் கோளாறு இருந்தால் அந்த அளவே ஆபத்து. மருந்துக்கடையில் 'வலி மாத்திரை' என்று கேட்டு வாங்கி விழுங்கினால் அல்சர், கிட்னி கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வினையாகிவிடும்.

காய்ச்சல் விட்டதும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை பாதியில் நிறுத்துவதும் தவறு.

மூட்டை தூக்கலாமா?

ஒருநாள் கூலி போகிறதே என்று மஞ்சள் மூட்டை தூக்கவும், தறி ஓட்டவும் உடனே கிளம்பிவிடுகிறார்கள். மூச்சு வாங்காமல் நடக்கவும் மாடிப்படி ஏறவும் முடிந்த பிறகு, டாக்டரைக் கேட்டு இலகுவான வேலையில் தொடங்குவதே நல்லது.

உடனே ஓட வேண்டியது எப்போது?

நெஞ்சை அழுத்தும் வலி கை, தாடைக்கு பரவி வியர்த்தால், திடீரென மூச்சு திணறினால், சளியில் ரத்தம் வந்தால், உதடு நீலமானால், ஒரு கால் மட்டும் வீங்கினால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். விட்ட காய்ச்சல் திரும்பி வலியும் கூடினால் நெஞ்சில் சீழ் கட்டியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் சளி பரிசோதனை செய்ய வேண்டும். காசநோயா என்று தெரிந்துவிடும். இதற்கு கட்டணம் கிடையாது.