கோயில் வீதியில் ஒலித்த கிற்றார்: வன்னியின் இசைக்கோஷ்டிகள் பற்றிய ஒரு குறிப்பு

ஈழத்துத் தமிழரின் இசை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கருநாடக இசையையோ கூத்திசையையோ மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. கிற்றார், ஓகன், ட்ரம்ஸ் ஆகியவற்றோடு கோயில் வீதிகளிற் பாடிய இசைக்கோஷ்டிகளோ, 'சினிமாப் பாட்டுக்காரர்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டுவிட்டன. அவ்வொதுக்கல் பொருத்தமானதா என்பதை முள்ளிவாய்க்காலை உள்ளடக்கிய வன்னிப் பிரதேசத்தை முன்னிறுத்தி ஈண்டு நோக்குவோம்.

இக்கோஷ்டிகளின் தோற்றத்தைச் சினிமாவால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் வழியாகவும், ஆபிரிக்க வம்சாவளியினரின் ஆடலிசை வழியாகவும் உருப்பெற்றது பைலா. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வோலி பஸ்தியன் அதனை மேடைக்குரியதாக்கினார். 1960களிற் கிளாறன்ஸ் விஜேவர்த்தனவும் 'மூன்ஸ்ரோன்ஸ்' குழுவினரும் சிங்கள இளைஞரிடையே கிற்றார் இசையைப் பரப்பினர். இச்சூழலிலேயே நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப்பிசை எழுந்தது. 'சின்ன மாமியே' யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியைத் துள்ளிசையில் அமர்த்தியது. 'சுராங்கனி' 1977இல் தமிழகத் திரைப்படத்திலும் இடம்பெற்றது. 1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர்க் கலை முயற்சிகளுக்கு ஊக்கமளித்தன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மெல்லிசைக்குக் களம் அமைத்தது.

வானொலியிற் பிறந்த இந்த இசையை ஊருக்குக் கொண்டுவந்தவை கோஷ்டிகளே. வன்னியின் கரையோரத்தில் இசை முன்னரே செழித்திருந்தது. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்த கோவலன் கூத்தும் அதற்குச் சான்றுகளாகும். மின்சாரம் எட்டாத ஊரின் திருவிழாவில் இயந்திர வெளிச்சமும் ஒலிபெருக்கியும் கோஷ்டியும் சேர்ந்தே வந்தன. கூத்துப் பார்த்துப் பழகிய சபையே கோஷ்டியையும் விடியுமட்டும் கேட்டது.

இங்கு ஒரு சமூக உண்மை கவனிக்கற்பாலது. எமது சமூகத்தில் நாகசுரம், தவில், பறை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சாதியின் மரபுத் தொழிலாக வகுக்கப்பட்டிருந்தது. கிற்றாருக்கு அத்தகைய பிறப்புரிமை எதுவுமில்லை. அதனைத் தொடுவதற்குக் குலம் வேண்டியதில்லை. பணமும் பயிற்சியும் ஓய்வும் வேண்டும். எனவே சாதித் தடை தளர்ந்த இடத்தில் வர்க்கத் தடை நின்றது எனலாம். பெண்கள் மேடையிற் பாடினும் வாத்தியங்கள் பெரும்பாலும் ஆண்கள் கையிலேயே இருந்தன. கோஷ்டியை முற்போக்கானது என்றோ பிற்போக்கானது என்றோ ஒரே சொல்லில் அடக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

1990இன் பின்னர் பொருளாதாரத் தடை எரிபொருளையும் மின்கலங்களையும் அரிதாக்கியது. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மின்சாரத்தில் உயிர்வாழும் வாத்தியங்களுக்கு இது பெருஞ் சோதனை. ஆயினும் பாடகர்கள் மறையவில்லை, பாடற்பொருள் மாறியது. கோயில் மேடைகளிற் பாடி வளர்ந்து, போர்க்காலப் பாடல்களாற் பரவலாக அறியப்பட்ட கிளிநொச்சிப் பாடகர் எஸ். ஜி. சாந்தன் (மறைவு 2017) இம்மாற்றத்தின் தக்க உதாரணமாவார்.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் 2009 மே மாதம் போர் முடிந்தபோது, உயிர்களோடு ஆவணங்களும் அழிந்தன. பலமுறை இடம்பெயர்ந்த குடும்பத்தின் மூட்டையில் ஒலிநாடாவுக்கு இடமிருந்திருக்காது. எஞ்சியவை திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள், கோயிற் கணக்கேடுகள், புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளிற் கிடக்கும் ஒலிநாடாக்கள், முதியோர் நினைவுகள் ஆகியனவே. ஒலிநாடாவின் காந்தப்பூச்சு காலத்தால் உதிரும், நினைவும் அத்தகையதே. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிமப் பணி, இத்தகைய தேட்டம் இயலும் என்பதைக் காட்டியுள்ளது. பல்கலைக்கழக மாணவர் தத்தம் ஊர்களிலேயே இதனைத் தொடங்கலாம். யார் பாடினர், எவ்வாத்தியம் எங்கிருந்து வந்தது, கூலி எவ்வளவு, எவ்வீதியில் அனுமதி மறுக்கப்பட்டது என்ற வினாக்களே போதும்.

முள்ளிவாய்க்கால் என்ற பெயர் இன்று மரணத்தையே நினைவூட்டுகிறது; அது தவிர்க்கவியலாதது. எனினும் அங்கு மடிந்தோர் வாழ்ந்தோருமாவர். பாடல் கேட்டோர், ஆடியோர், இளமை கண்டோர் ஆவர். அவ்வாழ்வைப் பதிவுசெய்யாத வரலாறு, இழப்பின் அளவையும் முழுமையாக உணர்த்தாது என்பதே எமது கருத்தாகும்.