சமையலறைக்குக் கீழே தவழ்ந்து போகலாம், வாங்க!

வீட்டின் பின்சுவரில் செடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது அந்தக் குட்டிக் கதவு. வட கரோலினாவின் ராலே, கேரி பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களில் எத்தனையோ பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இன்று நாம் திறக்கிறோம்! அதுவும் சும்மா எட்டிப் பார்க்க இல்லை, முழுசாக உள்ளே போகிறோம்!

நம்மூரில் அஸ்திவாரத்துக்குள் மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் தளம் போடுவார்கள். காலுக்குக் கீழே கெட்டி மண்தான். இங்கே கதையே வேறு. சுற்றிலும் கான்கிரீட் பிளாக் சுவர், நடுவில் தூண்கள், அவற்றின்மேல் மர உத்தரங்கள், அதற்கும் மேலே வீடு. தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு முதல் நான்கடி வெற்றிடம். தவழ்ந்துதான் போக முடியும் என்பதால் கிரால் ஸ்பேஸ் என்று பெயர். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஏசி குழாய், மின்கம்பி எல்லாம் ஓடுவது இங்கேதான்.

இந்த வெற்றிடத்தின் ஈரத்தைச் சரிசெய்யும் வேலைக்கு வந்த குழுவினர் தலையோடு மூடும் வெள்ளை உடை, முழங்காலுக்குப் பேட், மூக்குக்கு வடிகட்டி முகமூடி, நெற்றியில் விளக்கு எனக் கிளம்பிவிட்டார்கள். எனக்கும் ஒரு செட் கிடைத்தது. என்ன ஒரு சந்தோஷம்!

உள்ளே நுழைந்ததும் முகமூடியையும் மீறி ஒரு வாடை. ஈர மண்ணும் ஊறிய மரமும் கலந்த வாடை. விளக்கு பட்டதும் கூன் முதுகும் நெட்டைக் காலுமாக என்னவோ எம்பிக் குதிக்கிறது! கேமல் கிரிக்கெட். கடிக்காது, ஆனால் ஈரமான இருட்டு அதற்கு ரொம்பப் பிடிக்கும். அது கும்பலாக இருந்தாலே இடம் ஈரம் என்று அர்த்தம். உத்தரங்களுக்கு நடுவே திணித்திருந்த கண்ணாடி இழைப் பஞ்சு நனைந்து, கனம் தாங்காமல் தொங்குகிறது. ஏசி குழாயின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது.

குழுவில் ஒருவர் இரண்டு ஊசி நீட்டிய சின்னக் கருவி ஒன்றை உத்தரத்தில் குத்துகிறார். மரத்தின் ஈரத்தை அளக்கும் மீட்டர். 22 சதவீதம் காட்டுகிறது! 19, 20-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டிய அளவு. அந்த ஈரம் நீடித்தால் பூஞ்சை படரும். இன்னும் ஏறி 28-ஐத் தொட்டால் மரத்தை அரித்துத் தின்னும் வகைப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்.

சரி, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? எந்தக் குழாயும் உடையவில்லை. இங்கேதான் எனக்குப் புல்லரித்தது: வந்தது காற்றில்! அந்தச் சுவர்களில் வரிசையாகச் சின்னச் சின்னக் காற்றுத் துவாரங்கள். 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடி திறப்பு வேண்டும் என்பது பழைய கட்டட விதி. காற்றோட்டம் இருந்தால் உலரும் என்ற நல்ல எண்ணம். ஆனால் தென்கிழக்கு அமெரிக்காவின் கோடைக் காற்று புழுக்கம் நிறைந்தது. 32 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 23 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீரை உதிர்த்துவிடும். நிழலில் கிடக்கும் மண்ணும், ஏசி குழாயும் அதைவிடக் குளிர்ச்சி. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் செம்பு வெளியே வியர்க்குமே, அதேதான்! துவாரத்தைத் திறந்து வைக்க வைக்க ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

இதை நிஜ வீடுகளிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினாவில் பிரின்ஸ்வில் என்று ஓர் ஊர். கறுப்பின மக்கள் 1885-ல் தங்களுக்கென நகர உரிமை பெற்ற ஊர். 1999-ல் ஃபிளாய்ட் புயலில் டார் ஆறு பெருகி ஊரையே மூழ்கடித்தது. அதற்குப் பிறகு அங்கே எழுந்த ஒரே மாதிரியான 12 வீடுகளில், ராலேயைச் சேர்ந்த அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற லாப நோக்கற்ற அமைப்பு சிலவற்றின் துவாரங்களைத் திறந்தும் சிலவற்றின் துவாரங்களை அடைத்தும் விட்டு அளந்தது. அடைத்தவை கோடையிலும் உலர்ந்திருந்தன. சூடாக்கவும் குளிரவைக்கவும் ஆன மின்சாரமும் 15 சதவீதத்துக்கு மேல் மிச்சம்!

குழு வேலையைத் தொடங்குவது வெளியே, கூரை விளிம்பில். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர். அந்த நீர் சுவரோரமே கொட்டினால் அடியில் எதைச் செய்தும் பயனில்லை. ஆகவே மழைநீர்க் குழாயை நீட்டி, முதல் பத்தடிக்கு ஆறங்குலச் சரிவு வருமாறு மண்ணை அணைக்கிறார்கள். அப்புறம் உள்ளே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. மண் தெரியாமல், ஓரங்களை ஓரடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, டேப் ஒட்டி, சுவரிலும் ஏற்றுகிறார்கள். சுவர் உச்சியில் மட்டும் மூன்றங்குலம் வெறுமையாக விடுவது கறையான் வந்தால் கண்ணில் படுவதற்காக. எவ்வளவு அழகான யோசனை! துவாரங்களை அடைத்து, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வைத்து, அதன் நீரை வெளியே விட்டால் முடிந்தது. அடியில் கேஸ் ஹீட்டர் இருந்தால், அது எரிவதற்கான காற்றுக்கு வெளியிலிருந்து தனிவழி கட்டாயம்.

கீழே உள்ள காற்று தரை இடுக்குகள் வழியே மேலே வருகிறது. குழந்தைகளின் மூச்சில் அதுவும் போகிறது. அதனால் வட கரோலினா பக்கம் வீடு வாங்கும் உறவினர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், பரிசோதகர் கிரால் ஸ்பேஸுக்குள் இறங்கினாரா, மரத்தின் ஈரத்தை அளந்தாரா என்று கேட்டு, புகைப்படமும் வாங்கிக்கொள்ளட்டும்.