இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளில் யாருக்கு என்ன இலாபம்?

"மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறீர்கள். அப்படியானால் உங்களுக்குச் சம்பளம் தருவது யார்?"

வியாபாரிகள் பலர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். வாங்கிய விலை, விற்ற விலை, இடையில் நின்றது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விளங்காத வியாபாரம்தான். நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்வர் பக்க வேலை செய்பவன். போனின் திரையில் நீங்கள் பார்க்கும் பகுதியை நான் எழுதுவதில்லை. பின்னால் இருந்து கணக்கு வைத்து, கட்டளை அனுப்பி, பதில் வாங்கும் பகுதியே என் வேலை. சில வருடங்களாக என் வேலை நேரத்தில் ஒரு பங்கு, சாதனங்களை முகாமை செய்யும் ஒரு திறந்த மூல மென்பொருளுக்குப் போகிறது. அதில் நான் செய்த ஒரு சின்னத் திருத்தத்தின் கதையைச் சொன்னால், மேற்படி கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

முதலில் சாதன முகாமை என்றால் என்ன? உங்கள் விற்பனைப் பிரதிநிதிகள் பத்துப் பேருக்குப் பத்து போன் வாங்கிக் கொடுக்கிறீர்கள். எந்தக் கடை எவ்வளவு பாக்கி, யாருக்கு என்ன விலை என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு போன் தொலைந்தால் போவது போனின் விலை மட்டுமல்ல. அந்தப் பத்துப் போன்களையும் ஓரிடத்தில் இருந்து பார்க்கவும், பூட்டவும், தேவைப்பட்டால் உள்ளே இருப்பதை அழிக்கவும் உதவுவதே இந்த மென்பொருள். ஐபோனிலும் அன்ட்ரொய்டிலும் இதற்கான வசதி 2010 இல் வந்தது. நம் நாட்டுக்கும் இத்துறை புதிதல்ல. 2005 இல் இலங்கையில் ஆரம்பிக்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், தனது சாதன முகாமை மென்பொருளை அப்பாச்சி உரிமத்தின் கீழ் திறந்த மூலமாகவே வெளியிட்டது.

சேர்வர் நேரே போனுக்குள் நுழைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஐபோனை எடுத்துக்கொண்டால், அப்பிள் நிறுவனத்தின் சேவை வழியாக "விழித்துக்கொள்" என்ற தட்டு மட்டுமே போகிறது. போன்தான் சேர்வரிடம் வந்து "எனக்கு ஏதும் வேலை உண்டா?" என்று கேட்கிறது. வரிசையில் உள்ள கட்டளையை எடுத்து, நிறைவேற்றி, பதில் சொல்கிறது. இப்போது முடியாது என்றால் அதையும் சொல்கிறது. அன்ட்ரொய்டிலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். போன் அணைந்திருந்தால் கட்டளை வரிசையிலேயே காத்துக் கிடக்கும். இந்தக் காத்திருப்பில்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரிக்கு இதை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். புத்தளம் பாதையில் போன பிரதிநிதியின் போன் தொலைந்துவிட்டது என்று தகவல் வந்தது. உடனே அழிக்கும் கட்டளையை அனுப்பினோம். போன் அணைந்திருந்ததால் அது போய்ச் சேரவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு லொறியின் ஆசனத்துக்கு அடியில் போன் கிடைத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பழைய சிம் ரத்தாகிவிட்டதால் சிம் இல்லாமலே அதைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுத்தார்கள். ஓடர் எடுக்கும் செயலி இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இரண்டு நாள் ஓடரும், வாங்கிய காசின் விபரமும் அதற்குள் ஏறின. பையன் கடைக்குத் திரும்பினான், போன் கடை வைஃபையில் இணைந்தது, காத்துக் கிடந்த கட்டளை வேலையைக் காட்டிவிட்டது.

"தம்பி, போன்தான் கிடைச்சிட்டுதே, பிறகு ஏன் அழிச்ச?" என்று ஹாஜியார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மென்பொருள் சொன்னதைத்தான் செய்தது. சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்பது எவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான். பையன் மீண்டும் கடை கடையாக ஏறி இறங்கினான். காசு கொடுத்ததாகச் சொன்ன இரண்டு கடைகளோடு வாய்த்தர்க்கமும் வந்தது.

அன்றிரவே திருத்தம் எழுதத் தொடங்கினேன். அழிக்கும் கட்டளை பதினான்கு நாளில் தானாகவே காலாவதியாகட்டும் என்பது என் யோசனை. எழுதி, திட்டத்தைப் பராமரிப்பவர்களின் பார்வைக்கு அனுப்பினேன். வேறொரு நாட்டில் இருப்பவர் ஒரே வரியில் மறுத்தார்: அப்படியானால் திருடன் போனைப் பதினைந்து நாள் அணைத்து வைத்தால் போதுமே! நான் இழந்தவரின் பக்கம் நின்று யோசித்தேன், அவர் எடுத்தவனின் பக்கம் நின்று யோசித்தார். அவர் சொன்னதே சரி.

இரண்டாம் முறை எழுதியது இதுதான். கட்டளை காலாவதியாகாது. ஆனால் காத்திருக்கும் ஆபத்தான கட்டளைகள் எல்லாம் பட்டியலின் தலையில் தெரியும். "போன் கிடைத்தது" என்று பதிந்தால், "அழிக்கும் கட்டளை இன்னும் நிற்கிறது, ரத்துச் செய்யவா?" என்று கேட்கும். ரத்துச் செய்தவர் யார், எப்போது என்பதும் பதிவாகும். விலகிப் போகும் ஊழியர் ஒருவரே தன் போனுக்கான கட்டளையை ரத்துச் செய்துவிடக்கூடும் அல்லவா?

இதில் எனக்கு அதிக நாள் எடுத்தது ஒரு சிறு இடம். ஒருவர் ரத்துப் பொத்தானை அழுத்தும் அதே நொடியில் போன் வந்து கட்டளையை எடுத்துவிட்டால்? திரையில் "ரத்தானது" என்று இருக்கும், போனோ அழிந்திருக்கும். களஞ்சியத்தில் மிஞ்சியிருக்கும் கடைசி மூட்டையை இரண்டு பில் புத்தகத்தில் இருவர் விற்பது போன்றது இது. மூட்டைக்கு ஒரே ஏடு, அந்த ஏட்டில் முதலில் கை வைத்தவருக்கே மூட்டை, மற்றவருக்கு "இல்லை" என்ற உண்மையான பதில். இதைத் தரவுத்தளத்தில் செய்து, இருவர் ஒரே நேரத்தில் மோதும் சோதனையையும் எழுதிக் கொடுத்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். மொத்தம் சில நூறு வரிகள்கூட வராது.

இனி இலாபக் கணக்குக்கு வருவோம். இந்தத் திருத்தத்தை எங்கள் நிறுவனம் தனக்கு மட்டும் வைத்திருக்கலாம். அப்பாச்சி உரிமம் அதைத் தடுப்பதில்லை. ஆனால் மூல மென்பொருளின் புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு முறையும், எங்கள் ஒட்டுத்துணியைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். வருடம் முழுக்க அந்தத் தையற்கூலி எங்கள் தலையில். பொதுவில் கொடுத்துவிட்டால் அது எல்லோருடைய பதிப்பிலும் இருக்கும், உடைந்தால் பலர் கண்ணில் படும். 2022 இல் நீண்ட மின்வெட்டு நாட்களில், மின்சாரம் வந்ததும் எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் சேர்வரை முட்டி அதைப் படுக்கப் போட்டன. ஒவ்வொன்றும் சற்று முன்பின்னாக வரும்படி செய்யும் திருத்தத்தை வேறெங்கோ ஒருவர் ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். எங்களிடம் அவர் ஒரு சதமும் கேட்கவில்லை.

நாங்கள் விற்பது மென்பொருளை அல்ல. அமைத்துக் கொடுப்பது, பராமரிப்பது, இரவில் அழைத்தால் பதில் சொல்வது ஆகியவற்றுக்கு மாதக் கட்டணம். என் சம்பளம் அதிலிருந்து வருகிறது. இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்பாச்சி உரிமத்தில், உத்தரவாதம் எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இலவசமாக இறக்கி நீங்களே போட்டுக்கொண்டால், போன் அழிந்த அன்று கேட்பதற்கு ஆள் இருக்காது.

இன்னொன்று. பிரதிநிதியின் சொந்தப் போனில் இதைப் போடுவதாக இருந்தால், முழுப் போனையும் நிறுவனத்தின் கைக்குக் கொண்டுவர வேண்டாம். 2014 இல் வந்த அன்ட்ரொய்ட் 5.0 முதல் வேலைக்கென்று தனி அறை பிரிக்கலாம். ஐபோனில் 2019 முதல் அதுபோன்ற வழி உண்டு. அழிக்க நேர்ந்தால் கடையின் கணக்கு மட்டும் போகும், அவர் பிள்ளையின் படங்கள் போகாது. உங்களுக்கு இதை விற்க வருபவரிடம் கேளுங்கள்: அனுப்பிய கட்டளையை, அது போய்ச் சேரும் முன் திரும்பப் பெற முடியுமா? ஹாஜியார் இப்போது எல்லோரிடமும் முதலில் கேட்பது அதைத்தான்.