தீயிற் பட்ட தோட்டா

தீயில் விழுந்த தோட்டா, துவக்கிலிருந்து பாய்வதுபோலவே பாய்ந்து ஆளைக் கொல்லும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். வகுப்பில் மாணவன் ஒருவன் இதுபற்றி வினவியபோது, சற்றும் தயங்காது அவ்வாறே விடை பகர்ந்தேன். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் என் பிழை புலனாயிற்று.

துவக்கின் வலிமை தோட்டாவில் மாத்திரம் இல்லை, குழலிலும் இருக்கின்றது. மருந்து எரிந்து பிறக்கும் வாயுவுக்குக் குழலின் உருக்குச் சுவர் வேறு வழி விடுவதில்லை. ஆதலின் அது சன்னத்தை முன்னே உந்துகின்றது. நெருப்பில் தனித்துக் கிடக்கும் தோட்டாவுக்கு அத்தகைய அரண் இல்லை. மெல்லிய பித்தளைக் கூடு கிழிந்துவிடுகின்றது. பாரமான சன்னம் பெரும்பாலும் வேகமின்றியே நகரும். கூட்டின் சிதறல்களே விரைந்து பறந்து கண்ணையும் தோலையும் காயப்படுத்தும். ஆனால், அதே தோட்டா துவக்கினுள் இருக்கையில் தீப்பற்றினால், விசையை எவரும் தொடாமலே வெடி தீர்ந்து சன்னம் முழு வேகத்துடன் பாயும்.

எறிகணையின் இயல்போ இதனினும் கொடியது. முதலாம் உலகப் போரிற் பெரிதும் வழங்கிய டி.என்.டி. என்னும் மருந்து ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் உருகும். திறந்த வெளியிற் சிறிதளவு பற்றினால், கரும்புகை கக்கி எரிந்து தீரவுங்கூடும். தடித்த உருக்குக் கூட்டினுள் அடைபட்டுச் சூடேறினாலோ வெடித்துச் சிதறும்.

2022 ஜூலையில், சுலோவேனிய - இத்தாலிய எல்லையிலுள்ள காஸ்ற் பீடபூமியிற் பெருங்காட்டுத்தீ மூண்டது. 1915 முதல் 1917 வரை இத்தாலியரும் ஒஸ்திரிய - ஹங்கேரியப் படையினரும் பன்னிரு முறை பொருத இசொன்சோப் போர்முனையின் ஒரு பகுதி அது. அன்று வெடியாது மண்ணிற் புதைந்த எறிகணைகள் இன்று தீயின் வெப்பத்தால் வெடித்தன. தீயணைப்போர் சில இடங்களில் நெருங்க இயலாது விலகி நிற்க நேர்ந்தது. எய்தவரும் இல்லை, எய்யப்பட்டவரும் இல்லை. அப்போரைக் கண்டறியாத இளைஞரே அதன் எச்சத்தை எதிர்கொண்டனர்.

இதனை நாம் அயல்நாட்டுச் செய்தியென்று ஒதுக்கிவிட முடியாது. 2009இல் போர் ஓய்ந்த பின்னரும், நம் வடபுலத்திற் குப்பைக்கு மூட்டிய தீயிற் புதைந்திருந்த வெடிபொருள் வெடித்த செய்திகளைப் படித்திருக்கின்றோம்.

மறுநாள் வகுப்பில் என் விடையைத் திருத்தினேன்.

“அப்படியானால் தோட்டாவுக்கு அஞ்சவேண்டியதில்லையா, ஐயா?” என்றான் அவன்.

“அஞ்சத்தான் வேண்டும், தம்பி. மண்ணிற் கிடப்பது தோட்டாவோ எறிகணையோ என்று துருவேறிய பின் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தொடாதே, அருகில் தீ மூட்டாதே, பெரியோரிடம் சொல்” என்றேன்.

முன்னர் கூறிய தவறான விடையிலும் அச்சம் இருந்தது. இவ்விடையில் அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. அவன் அதனைக் கொப்பியிற் குறித்துக்கொண்டான்.