ஓட்டை கோணல், வெளிச்சம் வட்டம்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்த வீடு. ஓடுகளில் சில உடைந்தும் சில விலகியும் இருக்கும். மழைக்காலத்தில் அவற்றின் வழியே தண்ணீர் ஒழுகும். வெயிற்காலத்தில் வெளிச்சம் ஒழுகும். வெள்ளிக் காசுகளை இறைத்தாற்போல் தரையில் வட்டவட்டமாக விழும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எங்கள் அப்பத்தா பொழுது சொல்வார். "காசு உரல்கிட்ட வந்திருச்சு, உலையை வை" என்பார். எங்கள் வீட்டுக் கடிகாரம் அதுதான்.

நான் இக்கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் அம்மா கேட்டார்: "ஏன்டா, நீதான் பெரிய படிப்பு படிக்கிறியே! ஒடைஞ்ச ஓடு கோணல்மாணலா இருக்கு. வெளிச்சம் மட்டும் எப்படிடா அச்சடிச்ச காசாட்டம் வட்டமா விழுது?"

"ஒளி நேர்கோட்டில் போகுதும்மா" என்றேன். பத்தாம் வகுப்பில் இதே விடையை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

"நேராப் போனா, ஓட்டை எப்படி இருக்கோ அப்படித்தானே விழணும்?" என்றார் அம்மா.

நான் வாயடைத்து நின்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மதிப்பெண் என்னிடம் இருந்தது. கேள்வி அம்மாவிடம் இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையே இக்கட்டுரை.

பெட்டி ஒன்று செய்வோம்

முதலில் ஊசித்துளைக் காமிராவைப் பார்ப்போம். இதற்கு லென்சு வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு செருப்புப் பெட்டி போதும். பெட்டியின் ஒரு முகத்தில் குண்டூசியால் ஒரு துளை இடுங்கள். எதிர் முகத்தை வெட்டி எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய மெல்லிய தாளை அங்கே ஒட்டுங்கள். இதுவே திரை. வெயிலில் நிற்கும் ஒரு தென்னை மரத்தை நோக்கித் துளையைக் காட்டி, உங்கள் தலையையும் திரையையும் சேர்த்து ஒரு போர்வையால் மூடிக்கொண்டு பாருங்கள். திரையில் தென்னை மரம் தலைகீழாகத் தொங்கும்! மட்டையின் பச்சை நிறமும், காற்றில் அது அசைவதும்கூடத் தெரியும்.

மரத்துக்கு எதிரே வெறும் தாளைப் பிடித்தால் அதில் மரம் தெரிவதில்லை. ஏன்? மரத்திலிருந்து தாளுக்கு ஒளி வராமலா? இல்லை, வேண்டிய மட்டும் வருகிறது. மரத்தின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறுகிறது. ஆகவே தாளின் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே குருத்தின் ஒளி, காயின் ஒளி, தூரின் ஒளி யாவும் கலந்தே விழுகின்றன. சந்தை இரைச்சலில் எவர் பேச்சும் புரியாதது போல, இந்தக் கலப்பில் எந்த உருவமும் புலப்படுவதில்லை.

துளை இந்தக் கலப்பைத் தடுக்கிறது. குருத்திலிருந்து புறப்படும் கதிர்களில் துளை வழியே நுழையக்கூடியவை மிகச் சிலவே. அவை கீழ்நோக்கிச் சாய்ந்து வந்து திரையின் அடியில் விழுகின்றன. தூரிலிருந்து வருபவை மேல்நோக்கிச் சென்று திரையின் உச்சியில் விழுகின்றன. பிம்பம் தலைகீழாவது இதனால்தான். துளை எதையும் புதிதாக வரைவதில்லை. வேண்டாத ஒளியை விலக்குகிறது, அவ்வளவே.

பிம்பத்தின் அளவை வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு கணக்கிடலாம். 10 மீட்டர் உயரமுள்ள மரம் 30 மீட்டர் தொலைவில் நிற்கிறது. பெட்டியின் ஆழம் 30 செ.மீ. எனில், பிம்பத்தின் உயரம் 10 செ.மீ.

நூல் சொன்ன விடை

இவ்வளவும் புத்தகத்தில் உள்ளதே. ஆனால் அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறதே! எங்கள் பேராசிரியரிடம் சென்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "துளையைப் புள்ளி என்று நினைத்துப் படித்திருக்கிறாய். எந்தத் துளைக்கும் அகலம் உண்டு. அங்கிருந்து தொடங்கு" என்று சொல்லி நூலகத்துக்கு அனுப்பினார்.

அங்கே எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘வினாக்கள்’ என்ற தொகுப்பில் இதே கேள்வி இருக்கிறது. சதுர இடுக்குகளின் வழியே வரும் வெயில் ஏன் சதுரமாக விழாமல் வட்டமாக விழுகிறது என்று அதில் கேட்கப்பட்டுள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிஞர்களை மயக்கிய வினாதான் எங்கள் வீட்டு அடுப்படியிலும் எழுந்திருக்கிறது!

தெளிவான விடையை வானியல் அறிஞர் கெப்ளர் 1604-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காணலாம். அவர் ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்தார். அதுதான் ஒளி தரும் பொருள். அதற்கும் தரைக்கும் இடையே பல மூலைகள் கொண்ட துளையுள்ள பலகை ஒன்றை வைத்தார். புத்தகத்தின் ஒரு மூலையிலிருந்து நூலைத் துளை வழியே தரை வரை இழுத்து, நூல் துளையின் விளிம்பைத் தொட்டுச் சுற்றிவரும்போது அதன் நுனி செல்லும் தடத்தைத் தரையில் வரைந்தார். இழுத்துப் பிடித்த நூல்தான் ஒளிக்கதிர்!

இதை வீட்டில் செய்து பார்க்க எனக்கு ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றுத் தட்டு ஒன்றை உத்தரத்தில் தரைக்கு இணையாகக் கட்டித் தொங்கவிட்டேன், அதுவே சூரியன். பாதி உயரத்தில், சிறிய முக்கோணத் துளை வெட்டிய அட்டையை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டினேன். தட்டின் விளிம்பில் ஓரிடத்தில் நூலை ஒட்டி, அதைத் துளையின் விளிம்போடு சுற்றிக் கொண்டுவர, அம்மா சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்தார். முதலில் விழுந்தது ஒரு சிறு முக்கோணம். "பாத்தியா, ஓட்டை மாதிரியேதான் விழுது!" என்றார். நூலைத் தட்டின் விளிம்பில் வேறோர் இடத்துக்கு மாற்றினேன்; இன்னொரு முக்கோணம், வேறோர் இடத்தில். இப்படிப் பதினாறு முறை மாற்றினோம். பதினாறு முக்கோணங்களும் சேர்ந்து தரையில் ஒரு பெரிய வட்டமாக அமர்ந்திருந்தன! அம்மா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடை இதுதான். ஒளி தரும் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் திரையில் துளையின் வடிவத்தில் ஒரு திட்டை உண்டாக்குகிறது. அத்திட்டுகள் யாவும் சேர்ந்து பொருளின் வடிவத்தில் அடுக்கப்படுகின்றன. செங்கல் சதுரமாக இருந்தாலும் வட்டக் கிணறு கட்டலாம் அல்லவா? துளை செங்கல், சூரியன் கிணறு. திரை துளையை நெருங்கி இருந்தால் அடுக்கு சுருங்கிவிடும்; அப்போது செங்கல்லின் வடிவமே தெரியும். அட்டைக்குச் சற்றுக் கீழே முறத்தைப் பிடித்து அதே நூலை இழுத்தபோது, முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே முக்கோணமாகத் தோன்றின. திரை விலக விலக, அடுக்கு விரிந்து பொருளின் வடிவம் மேலோங்கும். ஓட்டுக்கூரை உயரத்தில் இருப்பதால் தரையில் விழுவது ஓட்டையின் வடிவமன்று, சூரியனின் வடிவம்!

வளையல் சூரியன்

இது புரிந்ததும் எனக்கு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த வளைய சூரிய கிரகணம் கோவை, கரூர், திண்டுக்கல் வழியே சென்றது. எங்கள் ஊர் திண்டுக்கல்லை அடுத்தது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, எங்களை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். இருட்டில் உட்கார்ந்திருந்த நான் தரையைப் பார்த்தேன். வட்டக் காசுகள் யாவும் பிறைகளாகிவிட்டிருந்தன! ஒன்பதரை மணியளவில் அவை வளையல்களாகி, பிறகு மீண்டும் பிறைகளாயின. "காசைப் பாம்பு கடிச்சிருச்சு" என்று அப்பத்தா என்னை மடியில் இழுத்துக்கொண்டார். எனக்கும் அச்சமாகத்தான் இருந்தது.

கதவை அடைத்துச் சூரியனை வெளியே நிறுத்திவிட்டோம் என்று நினைத்தோம். அவனோ கூரை வழியாக இறங்கி, தனக்கு நேர்வதையெல்லாம் எங்கள் தரையிலேயே படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்! ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த அரபு அறிஞர் இப்னு அல்ஹைதம், கிரகணப் பிறை சிறிய துளையில் தெரிந்து பெரிய துளையில் மறைவது ஏன் என்று தனி நூலே எழுதியிருக்கிறார். அப்பத்தா இன்று இல்லை. இருந்திருந்தால் நூலும் தட்டும் கொண்டு அவருக்கும் காட்டியிருப்பேன்.

துளை எவ்வளவு சிறிதாகலாம்?

செங்கல் சிறிதானால் சுவர் நுட்பமாக அமையும். அதுபோலத் துளை சிறிதானால் பிம்பம் தெளிவாகும். ஆனால் ஒளி குறைந்து மங்கும். துளையின் அகலத்தைப் பாதியாக்கினால் நுழையும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் தெளிவும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. ஒளி அலையாகவும் நடந்துகொள்வதால், மிகச் சிறிய துளையைக் கடக்கும்போது பக்கங்களில் பரவுகிறது. இதுவே விளிம்பு விளைவு. ஓர் எல்லைக்குமேல் துளையைச் சுருக்கினால் பிம்பம் மீண்டும் கலங்கும். இவ்வெல்லையை ராலே பிரபு 1891-இல் ஆராய்ந்து எழுதினார். அவர் வழியில் கணக்கிட்டால், 30 செ.மீ. ஆழமுள்ள பெட்டிக்கு ஏற்ற துளை சுமார் முக்கால் மி.மீ. குண்டூசியின் பருமனும் ஏறக்குறைய அவ்வளவே! "ஒளி நேர்கோட்டில் செல்கிறது" என்ற என் விடைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இங்கேதான் கற்றேன்.

சூரியனை அளந்தேன்

தரையில் விழுவது சூரியனின் பிம்பமானால் அதை அளக்கலாமே! உடைந்த ஓட்டுக்கு அடியில் 2 மி.மீ. துளையிட்ட அட்டையைக் கட்டினேன். வெயில் சாய்வாக வருவதால் தரையில் பிம்பம் முட்டை வடிவில் நீண்டிருந்தது. வெள்ளைத்தாள் ஒட்டிய பலகையைப் பிடித்து, பிம்பம் சரியான வட்டமாகும் வரை சாய்த்தேன். துளையிலிருந்து பலகைக்கு 210 செ.மீ.; வட்டத்தின் விட்டம் 2.2 செ.மீ. சூரியனின் தொலைவு சுமார் 15 கோடி கி.மீ. என்பதை நூலிலிருந்து எடுத்துக்கொண்டேன். விட்டம் 15 லட்சத்து 71 ஆயிரம் கி.மீ. என வந்தது. நூலில் உள்ளதோ சுமார் 13 லட்சத்து 92 ஆயிரம். மனம் சோர்ந்தது.

அப்போதுதான் முக்கோணங்கள் நினைவுக்கு வந்தன. வட்டத்தின் ஓரத்தில் துளையின் அகலமும் சேர்ந்திருக்கிறதே! 2 மி.மீ.-ஐக் கழித்து, விட்டத்தை 2.0 செ.மீ. எனக் கொண்டு மீண்டும் கணக்கிட்டேன். வந்தது சுமார் 14 லட்சத்து 29 ஆயிரம் கி.மீ. பிழை மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு! ஓர் அட்டை, ஓர் அளவுநாடா, ஓர் உடைந்த ஓடு: இவற்றைக் கொண்டு சூரியனை அளந்துவிட்டேன்.

நண்பர்களே, நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் துளை வழியே சூரியனைக் கண்ணால் பார்க்கக் கூடாது; பார்வை போய்விடும். சூரியனுக்கு முதுகைக் காட்டி, தாளில் விழும் பிம்பத்தை மட்டுமே பார்க்க வேண்டும்.

கணக்கை அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்து, "அப்ப இத்தனை வருசமா நான் சூரியனையாடா கூட்டிக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். இம்முறை எனக்கு விடை தெரிந்திருந்தது.