28 நாள் கணக்கு

மாதவிலக்கு பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. ‘அலைச்சலாக இருக்கும்’ என்று விட்டிருந்த பெண், மருந்துக்கடையில் அட்டை வாங்கி வந்து பார்க்கிறாள். இரண்டு கோடு! வீட்டில் இப்போதே சொல்வதா, டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்வதா என்று அவள் யோசிக்கும் அந்த நேரத்தில், வயிற்றில் எள்ளளவே இருக்கும் கருவுக்கு மூளையின் அடித்தளம் போட்டு முடியும் தருவாயில் இருக்கிறது.

வாழைக்குருத்து சுருளாகப் பிறந்து இலையாக விரியும். மூளை நேரெதிர். கருத்தரித்த மூன்றாவது வாரத்தில், முதுகுப்பக்கம் தடித்த பட்டை ஒன்று தோன்றுகிறது. அதன் நடுவில் பள்ளம் விழ, இரண்டு ஓரங்களும் எழும்பி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிடரிப் பகுதியில் தொடங்கும் இந்த ஒட்டல் மேலும் கீழும் பரவுகிறது. 25ஆம் நாள் வாக்கில் தலைமுனை மூடும். 28ஆம் நாள் வாக்கில் கீழ்முனை மூடும். இதுதான் நரம்புக்குழல். மேற்பகுதி மூளையாகும், மீதி தண்டுவடமாகும். உள்ளே இருந்த குழிவும் மறைந்துவிடுவதில்லை. திரவம் நிறைந்த நான்கு அறைகளாக நம் மூளைக்குள் இன்றும் அது இருக்கிறது.

மூன்று புடைப்புகள்

மூடிய குழலின் தலைப்பக்கம் மூன்று இடங்களில் புடைக்கிறது: முன்மூளை, நடுமூளை, பின்மூளை. ஐந்தாவது வாரத்தில் மூன்று ஐந்தாகும். முன்புடைப்பிலிருந்து வருவதுதான் சிந்தனை, பேச்சு, நினைவு ஆகியவற்றுக்கான பெருமூளை. பின்புடைப்பிலிருந்து, தடுமாறாமல் நடக்க உதவும் சிறுமூளையும், மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்கும் முகுளமும் உருவாகின்றன.

பெருமூளையின் நரம்பு செல்கள் பிறப்பது உள்ளறைச் சுவரில், குடியேறுவதோ வெளிப்புறத்தில். கொழுகொம்பு போன்ற நீண்ட செல்களைப் பற்றி ஏறிப்போகின்றன. முதலில் வந்தவை அடியில் தங்க, பிந்தி வந்தவை அவற்றைத் தாண்டி மேலே இடம் பிடிக்கின்றன. ஐந்தாம் மாதம் வரை பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும் மேற்பரப்பு, பிறகுதான் மடிப்பு மடிப்பாகிறது. இந்த வளர்ச்சியை செல் அளவில் காட்டும் ‘தரணி’ என்ற முப்பரிமாண வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். 14 முதல் 24 வார சிசு மூளைகளின் 5,132 சீவல்கள் அதில் இருக்கின்றன.

மூடாவிட்டால்?

தலைமுனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாகாது. அப்படிப் பிறக்கும் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்முனை மூடாவிட்டால் முதுகெலும்பில் பிளவு விழும், கால்கள் செயலிழக்கலாம். காரணங்கள் பல. ஆனால், நம் கையில் இருக்கும் ஒன்று ஃபோலிக் ஆசிட். ஏற்கெனவே இப்படியொரு பாதிப்பைச் சந்தித்த தாய்மார்களிடம் நடந்த ஆய்வில், மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கு அது திரும்ப வருவது 72 சதவிகிதம் குறைந்ததை 1991-ல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு உறுதிசெய்தது. அவர்களுக்கு டாக்டர் ஆலோசனையுடன் கூடுதல் அளவு தேவை. மற்றவர்களுக்கு தினமும் 400 மைக்ரோகிராம் போதும். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்கி கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை எடுக்க வேண்டும்.

இரண்டு கோடு விழுந்த செய்தி கேட்டதும் வீட்டுப் பெரியவர்கள், “இனிமே உடம்பைப் பார்த்துக்கம்மா” என்பார்கள். நரம்புக்குழலின் கணக்குப்படி அந்த ‘இனிமே’ இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.